பீட்சா சாப்பாடா, இடைப்பலகாரமா? எடை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எடை குறைக்க வருகிறவர்கள் எல்லாம் பேசி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் குரலைத் தாழ்த்தி பீட்சாவைப் பற்றிக் கேட்பார்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து வருகிறவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கலோரி என்று வருமிடமெல்லாம் கிலோகலோரி என்று கொள்ளவும்.

1. "டயட்னு ஆரம்பிச்சாச்சு. இனிமே பீட்சா பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாதா?"

சாப்பிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, உட்கார்ந்த வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி, 65 கிலோ ஆணுக்கு 2110 கலோரி தேவை. இதில் 300 முதல் 500 வரை குறைத்தால் எடை மெதுவாக இறங்கும். அப்படிக் குறைத்த பிறகும் இரவுச் சாப்பாட்டுக்கு 450, 500 கலோரி மிச்சமிருக்கும். இரண்டு துண்டு பீட்சா அதற்குள் அடங்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் சோறோ இட்லியோ இடியாப்பமோ இலையில் விழுந்தால்தான் சாப்பிட்ட கணக்கு. மற்றதெல்லாம் இடைப்பலகாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு பீட்சா சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்கு "இன்னும் ராத்திரிக்குச் சாப்பிடலையே" என்று நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் எடுத்துவைத்துக்கொள்கிறோம். எடை ஏறினால் பழி பீட்சா மேல். அந்த நாலு இட்லி, சட்னியோடு 350 கலோரி வரை வரும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பீட்சா சாப்பிட்டால் அதுதான் அன்றைய இரவுச் சாப்பாடு, அதற்கு மேல் ஒரு டம்ளர் மோர் போதும். கீழே வருகிற பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

2. "எனக்கு நிஜமாவே எடை கூடவா, இல்ல சும்மா பயப்படுறேனா?"

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். வருவதுதான் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் எடை கூடுதல், 25-க்கு மேல் உடல் பருமன். 25, 30 என்று வேறு இடங்களில் பார்க்கும் எல்லைகள் நமக்குப் பொருந்தாது. அதைவிட எளிது இஞ்ச் டேப்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் உள்ளவர்கள் டேப்பைத்தான் நம்ப வேண்டும்.

3. "ஒரு துண்டுக்கு எவ்வளவு கலோரி மேடம்? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

தொல்லையே அங்கேதான், துண்டு என்பது ஓர் அளவு கிடையாது. ரெகுலர் பெரும்பாலும் 7 அங்குல அகலம், நாலாக வெட்டுவார்கள். மீடியம் 10 அங்குலம், ஆறு துண்டு. லார்ஜ் 12 அங்குலமோ கொஞ்சம் கூடவோ இருக்கும், எட்டுத் துண்டு. கடைக்குக் கடை சற்று மாறும்.

இப்போது பரப்பளவைப் போட்டுப் பாருங்கள். ரெகுலர் சுமார் 38 சதுர அங்குலம், மீடியம் 78. அகலம் மூன்று அங்குலம்தான் கூடியிருக்கிறது, பீட்சா இரண்டு மடங்காகிவிட்டது. துண்டுக் கணக்கில் ரெகுலரில் ஒன்று ஒன்பதரை சதுர அங்குலம், மீடியத்தில் 13, லார்ஜில் 14. "நான் எப்பவும் ரெண்டு துண்டுதான்" என்று சத்தியம் செய்கிறவர் ரெகுலரிலிருந்து மீடியத்துக்கு மாறிய அன்றே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார். எண்ணிக்கை மாறாததால் அவருக்கே தெரிவதில்லை.

தோராயமாகச் சொல்வதென்றால் 100 கிராம் பீட்சாவுக்கு 250 முதல் 280 கலோரி. சாதாரண மீடியம் துண்டு ஒன்று 200 முதல் 270 வரை. வீட்டில் சமையல் தராசு இருந்தால், வழக்கமாக வாங்கும் கடையின் துண்டை ஒரே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். பிறகு கண்ணே அளந்துவிடும்.

4. "கலோரி போட்டிருப்பாங்கன்னு சொல்றீங்க. மெனுவுல நாங்க பார்த்ததே இல்லையே?"

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி எவ்வளவு என்று மெனுவில் காட்ட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. செயலியிலோ இணையதளத்திலோ தேடினால் கிடைக்கும். எழுத்து பொடியாகத்தான் இருக்கும்.

அந்த எண் முழு பீட்சாவுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று மட்டும் நிதானித்துப் பாருங்கள். 'ஒரு பரிமாறல் 260' என்றிருப்பதை முழு பீட்சாவுக்கும் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. ஊரில் ஒரே கடை வைத்திருப்பவருக்கு இந்த விதி இல்லை. அங்கே மூன்றாம் கேள்வியின் கணக்குதான்.

5. "தின் கிரஸ்ட், பான், சீஸ் பர்ஸ்ட்... எதை வாங்குறது?"

தின் கிரஸ்ட். மாவு குறைவு, அதனால் கலோரியும் குறைவு. பான் பீட்சாவில் தட்டில் எண்ணெய் விட்டு அதன் மேல் மாவை வைத்துச் சுடுகிறார்கள். அடிப்பக்கம் மொறுமொறுவென்று பொன்னிறமாக இருப்பது அந்த எண்ணெயில் பொரிவதால்தான். துண்டை எடுத்த இடத்தில் அட்டைப் பெட்டியைப் பாருங்கள், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் வட்டம் இருக்கும். சீஸ் பர்ஸ்ட்டில் இரண்டு அடுக்கு மாவுக்கு நடுவே சீஸ் குழம்பு. அதே அளவு பீட்சாவில் சில நூறு கலோரி கூடிவிடும். அதை எப்போதாவது ஆசைக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தின் கிரஸ்ட்டிலும் ஒரு பொறி உண்டு. லேசாக இருக்கிறதே என்று அப்பளம் நொறுக்குகிற மாதிரி இரண்டு துண்டு கூடப் போய்விடும். எடுத்து வைத்ததோடு நிறுத்துங்கள்.

6. "சீஸ்தானே கொழுப்பு? சீஸ் போடாம வாங்கிட்டா பிரச்சினை இல்லையே?"

அப்புறம் அது தக்காளி தடவிய ரொட்டி. மொசரெல்லா சீஸ் 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதமும் அதே அளவு கொழுப்பும் இருக்கிறது, 280 கலோரிக்கு மேல் வரும். பீட்சாவில் வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில் சீஸுக்குப் பங்கு உண்டு. சாதாரணமாகப் போடுகிற அளவு இருக்கட்டும், 'எக்ஸ்ட்ரா சீஸ்' மட்டும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது எது சீஸ் என்பதைத்தான். பாலிலிருந்து செய்யாமல் பாமாயில், ஸ்டார்ச் வைத்துச் செய்யும் அனலாக் என்ற பண்டமும் சந்தையில் இருக்கிறது. இழுத்தால் நூல் நூலாக வரும், புரதம் மிகக் குறைவு. வீட்டுக்குத் துருவிய சீஸ் பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் உட்பொருள் பட்டியலில் பாலுக்குப் பதில் தாவர எண்ணெய் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடலாம்.

7. "நாங்க சைவம். வெஜ் பீட்சா எப்படியும் சிக்கனை விட நல்லதுதானே?"

எடைக் கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது. குடைமிளகாய், வெங்காயம், தக்காளி, காளான் போட்டது லேசானது. பனீரும் ஸ்வீட் கார்னும் அள்ளிப் போட்டு மேலே மயோனைஸ் கோடு இழுத்தது அப்படி இல்லை. சிக்கனில் எலும்பில்லாத சுட்ட துண்டுகள் போட்டிருந்தால் புரதம் கூடும், நல்லதுதான். சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. கொழுப்பும் உப்பும் அதில் அதிகம்.

'செட்டிநாடு சிக்கன்' என்று பெயர் போட்ட பீட்சாவைப் பற்றியும் கேட்பார்கள். மிளகும் கல்பாசியும் யாரையும் குண்டாக்காது. அந்த மசாலாவை எவ்வளவு எண்ணெயில் வதக்கினார்கள் என்பதுதான் கணக்கு. (ருசியைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள். நம்மூர்க்காரர்களுக்கு அது பிடிப்பது கஷ்டம்.)

8. "கோதுமை பேஸ், மல்டிகிரெய்ன் பேஸ் போட்டா எடை குறையுமா?"

குறையாது. 100 கிராம் மைதா 350 கலோரி என்றால் கோதுமை மாவு 320. பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து கோதுமையில் கூடுதல், அதனால் பசி கொஞ்சம் தள்ளிப் போகும். அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் மல்டிகிரெய்ன் என்ற பெயரில் வருவதில் பல நேரம் மைதாதான் முக்கால் பங்கு, மேலே நாலு எள்ளும் ஆளிவிதையும் தூவியிருக்கும். பாக்கெட் பேஸ் வாங்கினால் உட்பொருள் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறதோ அதுதான் அதில் அதிகம்.

கவுனி அரிசி மாவில் பேஸ் செய்யலாமா என்றும் ஒருவர் கேட்டார். செய்யலாம், ஆனால் மாவு இழுவிசை இல்லாமல் உடையும். கவுனி அரிசியைக் கவுனி அரிசியாகவே சாப்பிடுங்கள், சர்க்கரையும் நெய்யும் குறைத்து.

9. "பீட்சாவோட கார்லிக் பிரெட்டும் கூல் டிரிங்கும் ஃப்ரீயா வருது. காசா பணமா, விட மனசு வரலையே?"

500 மி.லி. கோலா பாட்டிலில் ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன். 200 கலோரிக்கு மேல், ஏறத்தாழ ஒரு துண்டு பீட்சா. வித்தியாசம் என்னவென்றால் பீட்சாத் துண்டு பசியை ஆற்றும், பாட்டில் ஆற்றாது. கார்லிக் பிரெட்டும் மாவும் வெண்ணெயும்தான், பீட்சாவுக்கு முன்னால் ஒரு பீட்சா சாப்பிடுகிற மாதிரி. டிப் என்று வரும் சின்னக் கிண்ணம் எண்ணெயில் அடித்தது. 25 கிராமுக்கே நூறு கலோரியை ஒட்டி வரும்.

இரண்டு மீடியம் துண்டு 500 கலோரிக்குள் முடிந்திருக்க வேண்டிய சாப்பாடு, இந்த மூன்றும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தொடும். எடை பார்க்கிறவர் பீட்சாவில் ஒரு துண்டைக் குறைக்கப் போராடுவதற்கு முன்னால் இவற்றை விட்டாலே போதும். இலவசமாக வந்ததை என்ன செய்வது என்றால், பாட்டிலைத் திறக்காமல் வையுங்கள். யாராவது விருந்தாளி வருவார்கள், காரைக்குடியில் விருந்தாளிக்கா பஞ்சம்.

10. "எங்க அப்பத்தா, 'நம்ம பலகாரம் ஒண்ணும் பண்ணாது, இந்த பீட்சாதான் உடம்பைக் கெடுக்குது'ங்கறாங்க. சரிதானா?"

அப்பத்தாவோடு சண்டைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆழாக்கு நிறையப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து, ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் மிதந்து உப்பி வரும். சிவக்கவிடாமல் வெள்ளையாகவே எடுப்பதில்தான் கைப்பக்குவம். ஒரு பணியாரம் ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெய் குடித்திருந்தாலும் எண்ணெயில் மட்டும் 40 கலோரி. மிளகாய்த் துவையலோடு நாலைந்து போகிறபோது யாரும் எண்ணுவதில்லை. கந்தரப்பத்தில் எண்ணெயோடு வெல்லமும் சேரும். மாவுருண்டை பொரிப்பதில்லைதான், ஆனால் பாசிப்பருப்பு மாவைப் பிடித்து வைப்பதே நெய்யும் சர்க்கரையும். உடம்பு இந்த எண்ணெய் காரைக்குடியில் பொரித்ததா, இத்தாலிக்காரர் கற்றுக்கொடுத்ததா என்று பார்ப்பதில்லை.

அப்பத்தா சொல்வதில் உண்மை வேறு ஒன்றில் இருக்கிறது. அவர் காலத்தில் பலகாரம் கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் புதுமை என்று சொல்லும் வீட்டு விசேஷங்களுக்கும் செய்தார்கள். கல்யாண வீட்டில் வாரக்கணக்கில் பெண்கள் கூடி உட்கார்ந்து தேன்குழலும் மனகோலமும் சுட்டு டின்னில் அடுக்குவார்கள். சுடுகிற உழைப்பே ஒரு கட்டுப்பாடு. இப்போது கால் கிலோ பாக்கெட்டாக வாரம் முழுக்கக் கடையில் தொங்குகிறது, தொலைக்காட்சி பார்த்தபடியே தீர்ந்துவிடுகிறது. வீட்டில் அந்த டின் எப்போதும் நிறைந்திருந்தால், மாதம் இரண்டு முறை வரும் பீட்சாவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் டின்னைப் பார்க்க வேண்டும்.

ஆவியில் வேகும் இடியாப்பம், எண்ணெய் குறைவாகக் குழியில் ஊற்றும் குழிப்பணியாரம், சுண்டல் இவற்றுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

11. "வீட்டுல நாலு பேர். எத்தனை ஆர்டர் பண்ணணும்?"

ஒரு லார்ஜ், ஆளுக்கு இரண்டு துண்டு. கூடவே ஒரு பெரிய கிண்ணம் வெள்ளரி, கேரட், வெங்காயம் நறுக்கி எலுமிச்சை பிழிந்தது, இல்லாவிட்டால் அவித்த சுண்டல். அதை முதலில் சாப்பிடுங்கள், பீட்சா பிறகு. பசி வேகத்தில் முதல் துண்டு வாய்க்குள் போகிற விதமே வேறு, சுண்டலுக்குப் பிறகு போகிற விதமே வேறு.

பெட்டியை நடுவில் திறந்து வைத்துச் சுற்றி உட்காராதீர்கள். தட்டில் எடுத்து வைத்துவிட்டு பெட்டியை மூடி அடுப்படிக்கு அனுப்புங்கள். பெரிய வீட்டில் வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிப் பத்துப் பேர் என்றால் இது இன்னும் முக்கியம். அத்தனை பேர் நடுவில் யார் எத்தனை எடுத்தார்கள் என்று எவருக்குத் தெரியும்?

12. "வீட்டிலேயே செய்யலாமா? எங்ககிட்ட ஓவன் கிடையாது."

தோசைக்கல்லும் மூடியும் போதும். இரண்டு பேருக்கு: கோதுமை மாவு 100 கிராம், மைதா 50 கிராம், உலர் ஈஸ்ட் அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை, உப்பு அரை டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 100 மி.லி. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசைந்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு ஈரத் துணி போட்டு மூடுங்கள். நம்மூர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும், சித்திரையில் அதற்கும் முன்னாலேயே.

சாஸுக்கு மூன்று பழுத்த நாட்டுத் தக்காளி, நாலு பல் பூண்டு, ஒரு வரமிளகாய். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் சுண்டக் காய்ச்ச வேண்டும், கரண்டியால் சட்டியின் அடியில் கோடு கிழித்தால் கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். நீர்த்த சாஸ் போட்டால் அடிமாவு கொழகொழத்துப் போகும், அதை மறைக்க இன்னும் சீஸ் போடத் தோன்றும்.

மாவை கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து முள்கரண்டியால் குத்திவிடுங்கள். இரும்புக் கல்லில் சின்னத் தீயில் எண்ணெய் இல்லாமல் ஒரு பக்கம் புள்ளி விழும்வரை சுட்டுத் திருப்பிப் போட்டு, சுட்ட பக்கத்தில் சாஸ், துருவிய மொசரெல்லா 60 கிராம், மெல்லிசாக நறுக்கிய சின்ன வெங்காயம், குடைமிளகாய். நேற்றைய கோழி வறுவல் மிச்சமிருந்தால் எண்ணெயை ஒதுக்கிவிட்டுப் பிய்த்துப் போடலாம். மூடி வைத்து ஐந்து நிமிடம், சீஸ் உருகினால் ஆயிற்று. மொத்தம் 770 கலோரிக்குள், பாதி சாப்பிட்டால் 380-ஐ ஒட்டி வரும். 60 கிராம் சீஸை நிறுத்துத்தான் போட வேண்டும். கையால் அள்ளினால் அது எப்படியோ 120 ஆகிவிடுகிறது.

13. "காலையிலேர்ந்து பட்டினி கிடந்துட்டு ராத்திரி பீட்சா சாப்பிட்டா கணக்கு சரியாயிடும்ல?"

காகிதத்தில் சரியாகும். இரவு எட்டு மணிக்குக் கொலைப்பசியோடு பெட்டியைத் திறக்கிறவர் இரண்டு துண்டோடு எழுந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. காலையில் முட்டையோ பயறோ இருக்கட்டும், மதியம் சோற்றைப் பாதியாக்கி காயைக் கூட்டுங்கள், நாலு மணிக்கு மோர். அந்த அளவு போதும்.

14. "தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கப் போறேன். எவ்வளவு சாப்பிட்டாலும் நடக்கிறதுல கரைஞ்சிடுமே?"

65 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் சுமார் 230 கலோரி செலவாகும். அதாவது ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரம். குன்றக்குடியிலிருந்து பழநிவரை நடக்கும் நாட்களில் நிச்சயம் நிறையச் செலவாகும். ஆனால் வழி நெடுக அன்னதானமும் பானகமும் சுண்டலும் பொங்கலும் கையில் திணிப்பார்கள், மறுக்கவும் முடியாது. நடந்துவிட்டுத் திரும்பி வந்து எடை பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு.

யாத்திரையை யாத்திரையாக நடங்கள். பீட்சாவுக்குக் கழுவாயாக நடப்பது என்று ஆரம்பித்தால், நடக்காத மற்ற பதினொரு மாதத்துக்கு என்ன செய்வது? தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் தெருவில் நடப்பது சர்க்கரைக்கும் செரிமானத்துக்கும் உதவும். அதை எடைக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

15. "ராத்திரி பீட்சா சாப்பிட்டேன். காலையில பார்த்தா ஒரு கிலோ ஏறியிருக்கு! எல்லாம் வீணாப்போச்சா?"

ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7700 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். ஒரே இரவில் ஐந்து மீடியம் பீட்சாவை முழுசாகச் சாப்பிட்டால்தான் நடக்கும். காலையில் தெரிவது தண்ணீர். பீட்சாவில் உப்பு அதிகம், மாவு அதிகம். இரண்டும் உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கும். பயந்துபோய் மறுநாள் பட்டினி கிடந்தால் பதின்மூன்றாம் கேள்விக்கே திரும்பி வருவோம்.

16. "மிச்சமான துண்டை மறுநாள் சாப்பிடலாமா?"

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் சாப்பிடலாம். ராத்திரி முழுக்க மேசையில் கிடந்தது வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மூடி போட்டு, உள்ளே நன்றாகச் சூடேறும்வரை வையுங்கள். மறுநாள் அதுதான் காலை டிபன், டிபனுக்கு மேல் ஒரு கடி இல்லை.

17. "எனக்கு சுகர் இருக்கு. ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தேன், நார்மல்தான். அப்ப பீட்சா எனக்கு ஒத்துக்குதுன்னு அர்த்தமா?"

அவசரப்படாதீர்கள். பீட்சாவில் மாவோடு கொழுப்பும் நிறைய இருப்பதால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் தாமதமாக ஏறும். இரண்டு மணி நேரத்தில் நல்லபடியாகத் தெரிந்தது நாலு, ஐந்து மணி நேரத்தில் ஏறி நிற்கலாம். இன்சுலின் போடுகிறவர்களிடம் இது நன்றாகவே தெரிந்த விஷயம். ஒருநாள் மட்டும் படுக்கும் முன்பும் விடியற்காலையிலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள், உங்கள் உடம்பின் போக்கு புரியும். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடாமல் ஏழு மணிக்குச் சாப்பிடுவதும், சுண்டலையோ கோழியையோ காயையோ முதலில் சாப்பிடுவதும் உதவும்.

மாத்திரை, இன்சுலின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவர் வேலை, இந்தப் பக்கத்தைப் பார்த்து எதையும் கூட்டிக் குறைக்க வேண்டாம். ரத்த அழுத்தம் இருந்தால் உப்பையும் பாருங்கள். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. மூன்று துண்டிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும். அன்று ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றுக்கும் விடுமுறை.

18. "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். பீட்சா மாசம் ரெண்டே தடவை, ரெண்டு துண்டு, கூல் டிரிங்க் கிடையாது. எடை அசையவே இல்லை. ஏன்?"

அப்படியானால் பீட்சாவை விட்டுவிட்டு வீட்டு எண்ணெயைப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்? கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாம் சேர்த்து. உட்கார்ந்த வேலை பார்க்கிறவருக்கு நாளுக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் என்பது நான் வைத்திருக்கும் அளவு. 25 என்றே வைத்தாலும் நாலு பேருக்கு மாதம் 3 கிலோ, அதாவது சுமார் 3.3 லிட்டர். வீட்டில் 5 லிட்டர் டின் மாதா மாதம் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 38 கிராம் போகிறது. கூடுதலான 13 கிராமும் 117 கலோரி. மாதத்துக்கு 3500. உங்கள் நாலு துண்டு பீட்சா மொத்தமும் சேர்ந்து ஆயிரம்தான், அதுவும் இரண்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சாப்பிட்டது.

நம் குழம்பில் மேலே எண்ணெய் மிதந்தால்தான் பதம் என்று பார்த்துப் பழகிவிட்டோம். மிதப்பதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு ஊற்றிக்கொள்ளலாம், ருசி அடியில்தான் இருக்கிறது. பொரியலுக்கு டின்னிலிருந்து நேராக ஊற்றாமல் டீஸ்பூனால் அளந்து விடுங்கள். அப்படி ஒரு மாதம் பார்த்தும் அசையாவிட்டால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மாத்திரைகளே எடையைக் கூட்டும். என்னிடம் திரும்பி வருவதாக இருந்தால் எண்ணெய் வாங்கிய பில்லை எடுத்து வாருங்கள், பீட்சா பில் வேண்டாம்.